மறுபடியும் படியுங்கள்!

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் வழக்கமாக "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. "ஒருமுறை படித்ததை மறுபடியும் படியுங்கள்" என்பதுதான் அது. கூடவே, சின்ன வயதில் ஆடிய வீடியோ விளையாட்டைப் பற்றியும் கொஞ்சம் பேசப் போகிறேன். "என்னடா இது, புள்ளைங்க கெட்டுப் போறதே அந்தப் போன் விளையாட்டாலதான், இவரு வேற வந்து அதைப் பத்திப் பேசுறாரே" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள் அம்மா, அங்கேயும் வருகிறேன்.

முதலில் ஒரு செய்தி. நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. பால் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் தள்ளிவிட்டுத் தாமான் கட்டினார்கள். நாங்கள் இருந்த லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர் எதுவும் இப்போது கிடையாது. கோயில் மட்டும் இடம் மாறி இருக்கிறது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். மற்றவர்கள் பிறந்த ஊருக்குப் போய் "இதுதான் நான் விளையாடிய திண்ணை" என்று பிள்ளைக்குக் காட்டலாம். நமக்கு அந்தத் திண்ணை இல்லை. அப்படியானால், நாம் திரும்பிப் போக என்னதான் மிச்சம் இருக்கிறது? சின்ன வயதில் படித்த புத்தகமும், ஆடிய ஆட்டமும் இருக்கின்றன. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இரண்டுக்கும் நான் திரும்பிப் போய் வந்தேன். அங்கே கண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் லயத்துக்குப் புத்தகங்கள் வந்த வழியே தனி. தோட்டத்து மணிமன்றத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதுதான் நூல்நிலையம். அதில் அம்புலிமாமாவின் பழைய பிரதிகள் இருக்கும், அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் இருக்கும், தமிழ்வாணனின் துப்பறியும் கதைகள் இருக்கும். கீழ்த்தட்டில் கனமான புத்தகங்கள். கல்கியும் மு.வ.வும் அகிலனும் அங்கேதான் இருந்தார்கள்.

அம்புலிமாமா 1947ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. அதில் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் படத்தை மறக்க முடியுமா? அதை வரைந்த ஓவியர் சங்கர் 2020ஆம் ஆண்டில்தான், தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அந்தக் கதைகளில் அரசன் சரியான பதிலைச் சொன்னதும் வேதாளம் பறந்துபோய் மறுபடியும் மரத்தில் தொங்கும். சின்ன வயதில் எனக்கு ஆத்திரமாக வரும். "பேசாம இருந்தா போயிருக்குமே, இந்த ராஜாவுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பேன். பெரியவனான பிறகு திரும்பப் படித்தபோது அரசன் மேல் மரியாதை வந்தது. பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் என்பது நிபந்தனை. உண்மையைச் சொன்னால் பட்ட பாடு வீண். இரண்டில் உண்மையைச் சொல்லிவிட்டு, முகம் கோணாமல் திரும்ப நடக்கிறான் பாருங்கள்! விடிந்தால் பெரட்டு, நேற்றுச் சீவிய மரத்தையே இன்றும் சீவு என்று முப்பது வருடம் நடந்த நம் அப்பா அம்மாவைப் பார்த்தவர்களுக்கு அந்த அரசனைப் புரிந்துகொள்வது கடினம் அல்ல.

முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது. முதல் கதாநாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். எங்கள் லயத்துப் பையன்கள் எல்லாருக்கும் மாயாவி ஆக ஆசை. நல்ல வேளை! எங்கள் லயத்தில் பகலில் மின்சாரமே கிடையாது. மாலையில் இஞ்சின் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். தோட்ட நிர்வாகம் அறியாமலேயே எங்கள் உயிரைக் காப்பாற்றியது!

எல்லாப் புத்தகமும் திரும்பப் போனால் அதே சுவையோடு இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். துப்பறியும் கதைகள் சிலவற்றைத் திரும்பப் படித்தேன். பத்துப் பக்கத்திலேயே திருடன் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஆனாலும் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டு யோசிக்கும் இடம் வந்தால் எனக்கும் ஒரு தேநீர் வேண்டும் போல இருக்கிறது. அந்தப் பாசம் போகவில்லை. அதற்கு மேல் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை. அதிலும் தவறில்லை.

இப்போது பொன்னியின் செல்வனுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. 2022லும் 2023லும் இரண்டு பாகமாகப் படமும் வந்துவிட்டதால் மாணவர்களுக்கும் வந்தியத்தேவனைத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அதை நான் தனியாகப் படிக்கவில்லை. என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1930களில் ரஜூலா கப்பலில் வந்தவர். இஞ்சின் நிற்பதற்குள் ஒரு அத்தியாயமாவது நான் உரக்கப் படிக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு.

கதை ஆடிப்பெருக்கு அன்று தொடங்குகிறது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் வருகிறான். ஏரி நிறைந்து கிடக்கிறது. மதகுகளில் தண்ணீர் பாய்கிறது. சனங்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கரைக்கு வருகிறார்கள். எனக்கோ குதிரை எப்போது ஓடும், கத்திச் சண்டை எப்போது வரும் என்றுதான் இருக்கும். பாட்டி விட மாட்டார். "அந்தத் தண்ணி வர்ற எடத்த மறுபடியும் படி சாமி" என்பார். படிப்பேன். அடுத்த வாரம், "சண்டையெல்லாம் இருக்கட்டும், முதல்ல அந்த ஏரிக்கரையப் படி" என்பார். ஒன்பது வயதுப் பையனுக்கு அதன் காரணம் தெரிய வாய்ப்பில்லை. பாட்டியும் விளக்கிச் சொன்னவர் அல்லர். போர்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பாட்டி போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, நாற்பத்திரண்டாவது வயதில், அந்த முதல் அத்தியாயத்தை மறுபடியும் படித்தேன். கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதாகிவிட்டது. கப்பல் ஏறி வந்தபின் அவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. அந்த நாலு பக்கத்தில்தான் அவர் தம் ஊர் ஆற்றுக்குப் போய் வந்திருக்கிறார். எத்தனை தடவை! ஒரு காசு கப்பல் செலவு இல்லாமல்! அவரை அழைத்துப் போனது ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் குரல்.

இன்னொன்றும் கண்டேன். சின்ன வயதில் நான் வந்தியத்தேவன் பக்கம். இப்போது படித்தால், படுக்கையில் கிடக்கும் சுந்தர சோழர் மேல்தான் கண் போகிறது. கால் முடங்கிப் போன அரசர். மூத்த மகன் காஞ்சியில், இளைய மகன் இலங்கையில். காஞ்சியில் இருக்கிற மகன் அப்பாவுக்காகப் பொன் மாளிகை கட்டி வைத்துக்கொண்டு "அங்கே வாருங்கள்" என்கிறான். அப்பாவுக்கு மாளிகை எதற்கு? மகனைப் பார்த்தால் போதும். கடைசியில் அந்த மூத்த மகனை அவர் உயிரோடு பார்க்கவே இல்லை. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்ய, வீட்டில் தனியாக இருக்கிற தகப்பன்மார்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரசர் கதை என்று நினைத்தேன். நம் வீட்டுக் கதையாக அல்லவா இருக்கிறது!

மூன்றாவதாக மு.வ. எழுதிய அகல் விளக்கு. 1961ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அதில் இரண்டு நண்பர்கள். சந்திரன் அழகன், அறிவாளி, எங்கே போனாலும் முதல். வேலய்யன் சாதாரணப் பையன், மெல்ல மெல்லப் படித்து முன்னேறுகிறவன். கதையைச் சொல்வதே வேலய்யன்தான். படிவம் மூன்றில் நான் அதைப் படித்தபோது சந்திரன்தான் எனக்குக் கதாநாயகன். வேலய்யன் எனக்குச் சலிப்பாக இருந்தான். இப்போது படித்தால், சந்திரனின் வெளிச்சம் எப்படித் தாறுமாறாக எரிந்து அணைந்தது, வேலய்யனின் சின்ன வெளிச்சம் எப்படிக் கடைசிவரை ஒரே சீராக நின்றது என்பது தெரிகிறது.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சந்திரன் இருந்தான். உங்களுக்கும் பெயர் நினைவுக்கு வரும். ஆகவே இன்று பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த மண்டபத்தில் நீங்கள்தான் அதிகம் பேர். கை தட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். அகல் விளக்கை இரண்டு தடவை படியுங்கள். இப்போது ஒருமுறை, நாற்பது வயதில் ஒருமுறை.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். பின்வரிசை அம்மா காத்துக்கொண்டிருக்கிறார்.

1991ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்துக் கிராணி வீட்டுக்கு மைக்ரோ ஜீனியஸ் என்ற பெட்டி வந்தது. ஜப்பானில் 1983ஆம் ஆண்டில் நிந்தெண்டோ வெளியிட்ட பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்தது. தொலைக்காட்சியில் மாட்டினால் மாரியோ வருவான். சனிக்கிழமை பிற்பகலில் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கிராணி வீட்டு வாசலில்தான். ஆளுக்கு ஓர் உயிர். செத்தால் அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த மாரியோ ஆட்டம் 1985ஆம் ஆண்டில் வந்தது. மொத்தம் எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம், ஆக முப்பத்திரண்டு. அந்த ஆட்டம் முழுவதும் நாற்பது கிலோபைட் இடத்துக்குள் அடங்கிவிட்டது. இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கிற ஒரே ஒரு படம் அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கும்! இடம் போதாமல் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே இருக்கும் வெள்ளை மேகமும் கீழே இருக்கும் பச்சைப் புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. சின்ன வயதில் ஆயிரம் தடவை பார்த்தும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் திரும்ப ஆடியபோதுதான் தெரிந்தது. சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது நன்றாகப் புரியும். அக்காள் பாவாடையை மடித்துத் தைத்துத் தங்கைக்குப் போடுவதில்லையா, அது மாதிரி!

அந்த ஆட்டத்தில் இன்னொரு விதி உண்டு. மாரியோ வலப்பக்கம்தான் போக முடியும். தாண்டி வந்த இடம் திரைக்குப் பின்னால் போய்விட்டால் திரும்ப முடியாது. ஒரு காசை எடுக்காமல் வந்துவிட்டால் வந்ததுதான். ஆடியதைச் சேமித்து வைக்கவும் வழி இல்லை. பத்து மணிக்கு இஞ்சின் நின்றால் ஏழாம் உலகத்தில் இருந்தாலும் மறுநாள் முதல் உலகம்தான். வாழ்க்கையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. திரும்பிப் போய் விட்டதை எடுக்கும் வசதி புத்தகத்தில்தான் உண்டு. பக்கத்தைப் புரட்டினால் போதும்.

இன்னோர் ஆட்டம், பேட்டில் சிட்டி. இரண்டு டாங்கிகள், இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதைக் காப்பாற்ற வேண்டும். எதிரி சுட்டாலும் போச்சு, நாமே கை தவறிச் சுட்டாலும் போச்சு. கூட ஆடுகிறவன் மேல் நம் குண்டு பட்டால் அவன் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பான். இதனால் எனக்கும் என் தம்பிக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சம் அல்ல.

தம்பி இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஒரு தீபாவளிக்கு வந்தபோது, பழைய பொருள் கடையில் நான் வாங்கி வைத்திருந்த பெட்டியை எடுத்து மாட்டினேன். இருவரும் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். முப்பது வருடம் கழித்தும் விரல்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது! ஐந்தாவது நிமிடத்தில் "ஏன்டா என்னையச் சுடுற?" என்று அவன் கத்தினான். எங்கள் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் அப்படி ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதை அவர்கள் பார்த்ததே இல்லை. அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் அப்பாவைப் பற்றி, லயத்தைப் பற்றி, இறந்துபோன நண்பர்களைப் பற்றி விடியும்வரை பேசினோம். தொலைபேசியில் அத்தனை வருடம் பேசியதில் இந்தப் பேச்சு வரவில்லை.

ஆகவே நான் கண்ட வித்தியாசம் இதுதான். பாட்டி கேட்ட அதே ஏரிக்கரை நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு கரையாகத் தெரிந்தது. விளையாட்டு அப்படி மாறவில்லை, அதே டாங்கி, அதே கழுகு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய ஆளை அது திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது.

பெற்றோர்களே! போன் விளையாட்டெல்லாம் நல்லது என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது. இன்றைய போன் விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. முடியக் கூடாது என்றே செய்கிறார்கள். நடுவில் நின்று வெள்ளியும் கேட்கின்றன. நடத்துகிறவர்கள் ஒருநாள் தங்கள் கணினியை நிறுத்திவிட்டால், அந்த விளையாட்டே அடியோடு மறைந்துவிடும். உங்கள் பிள்ளை நாற்பது வயதில் தேடினாலும் கிடைக்காது. எனவே பிள்ளை எதை ஆடுகிறது என்று பாருங்கள். "போனை வை" என்று சத்தம் போடுவதற்கு முன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு உயிர் குடு, ஆடிப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். தனியாக ஆடியதற்கு ஒருவரும் திரும்பிப் போவதில்லை. சேர்ந்து ஆடியதற்குத்தான் போகிறோம்.

மாணவர்களே! இன்று பரிசாகப் புத்தகம் வாங்குகிறவர்கள் அதற்கு அட்டை போட்டுக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதுங்கள். மறுபடி படிக்கும்போதெல்லாம் கீழே அந்தத் தேதியையும் எழுதுங்கள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வீட்டில் கண் தெரியாத பாட்டியோ படிக்கத் தெரியாத தாத்தாவோ இருந்தால், வாரத்தில் ஒருநாள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். புத்தகம் வாங்கக் காசு இல்லை என்று சொல்ல வேண்டாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்பாவின் கைப்பேசியை அதற்கும் கொஞ்சம் பயன்படுத்தலாமே!

வள்ளுவர் நட்பைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், நல்ல நூல் படிக்கப் படிக்க இன்பம் தருவது போலத்தான் நல்லவர் நட்பும் பழகப் பழக இன்பம் தரும் என்கிறார். கவனித்தீர்களா? நட்பை விளக்கத்தான் நூலை உவமை காட்டுகிறார். ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார். அந்த வழக்கம் நம் வீடுகளில் இருக்கட்டும்.

 பரிசு வாங்கும் பிள்ளைகள் வரிசைக்கு வரலாம்.